மெட்டிறங்கி வந்த நிழல்

சுந்தரராஜின் ஏலத்தோட்டத்தில் நின்ற ஒரு சந்தனவேம்பின் நிழல், மாசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகலில், வேலைக்குப் போயிருந்த பெண்களோடு ஜீப்பில் ஏறி போடிநாயக்கனூருக்கு வந்து சேர்ந்தது. மரம் வரவில்லை. மரம், மலைக்கணவாயான மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், கிளையும் இலையும் குறையாமல் தன் இடத்திலேயே நின்றது. நிழல் மட்டும்தான் வந்தது. அன்று ஏலக்காய் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விலை அசையாத நாளில் போடிக்காரர்களுக்குப் பேச வேறு ஏதாவது வேண்டும் என்பதால், பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட்டுக்குச் செய்தி போய்ச் சேர ஒரு டீ குடிக்கிற நேரம்தான் பிடித்தது.

நிழல் ஏன் வந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பூமி சூடேறிவிட்டது என்று படித்தவர்கள் சொன்னார்கள். மலையில் ஏதோ தெய்வக் குற்றம் என்று படிக்காதவர்களும், படித்தவர்களில் பாதிப் பேரும் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சிலமலை கிராமத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் பெண்கள், கார்த்தியின் ஜீப்பில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக அடைந்து, மலையேறிப் போய் சாயங்காலம் திரும்புவார்கள். சுந்தரராஜின் தோட்டத்தில் காய் உலர்த்த ஸ்டோர் இருந்தது, உரம் வைக்கக் கொட்டகை இருந்தது, கங்காணி சுருளிவேலின் பைக் நனையாமலிருக்கத் தகரக் கூரை இருந்தது. பெண்கள் ஒதுங்க மட்டும் ஒன்றும் இல்லை. அந்தச் சந்தனவேம்பின் அடியில் மண்டிக் கிடந்த புதர்தான் பல வருசமாக அவர்களுக்குக் கதவும் சுவரும். பிறகு ஏலக்காய் விலை எகிறியது. விலையைத் தொடர்ந்து திருடர்கள் வந்தார்கள். திருடர்களைத் தொடர்ந்து கேமரா வந்தது. சுருளிவேல் தோட்டம் முழுக்கப் பார்வை விழுகிற இடமாகத் தேடி, ஒரு கேமராவை அந்தச் சந்தனவேம்பிலேயே கட்டிவிட்டான். போடியில் தன் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்தபடி சுந்தரராஜ் தன் செல்போனில் ஏலச்செடிகளைப் பார்த்து மகிழ்ந்தார். அவர் பார்த்தது செடிகளை மட்டும்தான் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் புதரும் அந்தப் படத்திற்குள்தான் இருந்தது.

அன்றிலிருந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். விடிகாலையில் ஒரு மடக்கு காப்பி, அதோடு சரி. தூக்குச்சட்டிச் சோறு தொண்டையில் நின்றால் ஊறுகாயை நக்கி இறக்கினார்கள். மலையில் எங்கு பார்த்தாலும் ஓடை. ஓடையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உதடு வெடிக்க வேலை செய்தார்கள். இதில் முதலில் விழுந்தவள் ஆயம்மாளின் மகள் சுஜிதா. பி.காம் முடித்துவிட்டு, வேலை கிடைக்கிற வரைக்கும் என்று அம்மாவோடு மலையேறிக்கொண்டிருந்த பெண். இடுப்பில் வலி, குளிர்காய்ச்சல். தேனியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், சிறுநீரகம் ஒன்று வீங்கியிருப்பதாகவும், இன்னொரு கோடையை இப்படியே ஓட்டினால் அது மிஞ்சாது என்றும் சொன்னார். "தண்ணி நிறையக் குடிக்கணும்மா" என்றார். "குடிச்சா எங்க சார் போறது?" என்று சுஜிதா கேட்டாள். டாக்டர் நல்லவர். தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை எழுதினார்.

ஆயம்மாள் அடுத்த நாளே சுந்தரராஜின் கடைக்குப் போனாள். போய் நின்று, பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும், அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு வேண்டும், உள்ளே தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். இங்கேதான் தப்பு நடந்தது. போடியில் பிறந்த எவரும் தனக்குத் தேவையானதை அப்படியே கேட்பதில்லை. ஒரு கதவு வேண்டுமென்றால் இரண்டு கதவும் ஒரு ஜன்னலும் கேட்க வேண்டும். எதிராளி கதவே கிடையாது என்பார். ஒருவர் கோபித்துக்கொண்டு படியிறங்க, மற்றவர் கூப்பிட்டு டீ வாங்கித் தர, கடைசியில் ஒரு கதவில் வந்து நிற்கும். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போகலாம். ஆயம்மாள் கடலையும் சோளமும் போடுகிற வீட்டில் பிறந்து, மலைவேலைக்கு வாக்கப்பட்டவள். பேரத்துக்கு இடமே வைக்காமல், கடைசி விலையை முதலிலேயே சொல்லிவிட்டாள்.

சுந்தரராஜ் கெட்ட ஆள் இல்லை. அவரிடம் சரக்கு விற்றவர்களும் இதைச் சொல்வார்கள், வாங்கியவர்களும் சொல்வார்கள். இரு தரப்பும் ஒரு பெருமூச்சு விட்ட பிறகே சொல்வார்கள். ஏலக்காய் ஏலம் விடுவது முழுக்கக் கம்ப்யூட்டருக்குள் போன பிறகும், கடை வாசல் பேரத்தை அவர் தன் தகப்பனார் முறையிலேயே நடத்தினார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து எதிராளியின் கையையும் தன் கையையும் சேர்த்து மூடுவார். வாய் மழையைப் பற்றிப் பேசும். துண்டுக்குள் விரல்கள் விலையைப் பேசும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்ன படிந்தது என்று தெரியாது. அந்த முறையின் அழகும் அதுதான், விஷமும் அதுதான். ஒருவனுக்குக் கிடைத்தது இன்னொருவனுக்குத் தெரியாத வரை கொடுக்கிறவருக்கு நஷ்டமில்லை. அப்படிப்பட்டவர் காதில் ஆயம்மாள் சொன்னது ஆரம்ப விலையாகத்தான் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும் தருவதாகச் சொன்னார். "கதவெல்லாம் காட்டுக்குள்ள எதுக்கு ஆத்தா? யானை வந்து தட்டப் போகுதா?" என்றார். ஆயம்மாள் சிரிக்கவில்லை. படியிறங்கினாள். அவர் கூப்பிடுவார் என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. வியாபாரத்தில் இப்படியொரு மரியாதைக் குறைவை அவர் அதுவரை கண்டதில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமைதான், மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வந்திருந்த சுஜிதா களைக்கொத்தோடு செடிக்குள் சரிந்தாள். பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, சந்தனவேம்பின் நிழல் மரத்தடியிலிருந்து கழன்று, சருகுகளின் மேல் சத்தமில்லாமல் நகர்ந்து, அவர்கள் பின்னாலேயே வந்தது. கார்த்தி வண்டியை ஏற்கெனவே திருப்பி நிறுத்தியிருந்தான். பெண்கள் ஏறினார்கள், நிழலும் ஏறியது. பட்டப்பகலில் ஜீப்புக்குள் இருட்டிவிட்டது. கார்த்தி முதலில் திட்டினான், பிறகு ஹெட்லைட்டைப் போட்டான். செக்போஸ்டில் கேரளத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எந்தா இது, வண்டிக்குள்ளே இருட்டு?"

"நெழலு சார்" என்றான் கார்த்தி.

"ஏலக்கா இல்லல்லோ?"

"அதெல்லாம் இல்ல சார். ஆஸ்பத்திரி கேசு. வெரசாப் போகணும்."

"எங்கில் பொய்க்கோ" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

எல்லை தாண்டக் கூடாத பொருட்களின் வரிசையில் நிழல் கிடையாது. காவலர் செய்தது முழுக்கச் சட்டப்படிதான்.

சுஜிதாவுக்கு டிரிப்ஸ் ஏறி முடியும் வரை நிழல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. வெளியே காத்திருந்த நோயாளிகளில் பலருக்கு அங்கேயே பாதி குணமானது. பிறகு அது தெருவோரமாகப் போய், ஜீப்புகள் வந்து நிற்கிற, கூரையோ மரமோ இல்லாத பொட்டலில் படுத்துக்கொண்டது. அது சாதாரண நிழல் இல்லை, மலை நிழல். உள்ளே போனால் குளிரும். தலைக்கு மேலே ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அவ்வப்போது ஒரு சொட்டு நீர் விழும். சில்வண்டு கத்தும். அளந்து பார்க்க வந்த நகராட்சி ஊழியரின் கணுக்காலில் ஓர் அட்டை கடித்ததாகச் சொல்கிறார்கள். அவர் உப்பு வைத்து அதை எடுத்துவிட்டு, ஆக்கிரமிப்பு ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். முறுக்கு விற்பவர் முதல் நாளே வந்துவிட்டார். இரண்டாம் நாள் சர்பத் கடை வந்தது. மூன்றாம் நாள் சர்பத் கடைக்காரரும் முறுக்குக்காரரும் இடத்துக்குச் சண்டை போட்டார்கள். அதன் பிறகு ஊர் அந்த நிழலைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது.

அதுவரை மலைவேலைப் பெண்கள் ஜீப்பை விட்டு இறங்கினால் வெயிலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டைப் பார்க்கப் போவார்கள். ஒரு தோட்டத்துக்காரியின் முகம் இன்னொரு தோட்டத்துக்காரிக்குத் தெரியாது. இப்போது இறங்கினால் நிழல் இருந்தது. அடுத்த பஸ் வரும் வரை சும்மா உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார்ந்த பெண்கள் பேசாமல் இருப்பார்களா? பக்கத்து ஊரான தேவாரத்துப் பெண்களுக்கும் இதே இடுப்பு வலி என்று தெரிந்தது. எந்தத் தோட்டத்திலும் கக்கூஸ் இல்லை என்று தெரிந்தது. ஒவ்வொருத்தியும் தன் உடம்பின் கோளாறு என்று நினைத்து வெட்கப்பட்டு மறைத்தது உடம்பின் கோளாறே இல்லை என்று தெரிந்தபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தச் சத்தத்தில் சர்பத் கடைக்காரர் ஐஸைக் கீழே போட்டார்.

மலையில் நிலைமை வேறு. சந்தனவேம்பு இலை அடர்ந்து நின்றது. ஆனால் அதனடியில் வெயில், மரமே இல்லாதது போல நேராக இறங்கியது. ஏலச்செடி நிழலில் வளர்கிற சாதி. அதற்கு வெயில் பட்டால் பணக்காரப் பிள்ளைக்குத் தடுமன் பிடித்த மாதிரி. தட்டைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. சுந்தரராஜ் பச்சை வலை வாங்கிக் கட்டினார். வெயில் வலைக்குள்ளும் அதே பதத்தில் விழுந்தது. சுருளிவேல் பெரிய குடை ஒன்றை நட்டுப் பார்த்தான். குடைக்குக் கீழேயும் வெயில். அவனே கீழே படுத்துப் பார்த்து முதுகைப் பொசுக்கிக்கொண்டான். கேமரா மட்டும் அமோகமாக வேலை செய்தது. அவ்வளவு தெளிவான படம் அந்த மலையில் எந்தத் தோட்டத்திலும் கிடையாது என்று விற்ற கம்பெனிக்காரனே வந்து பார்த்துப் போனான். ஆயம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிடச் சொல்லிச் சுருளிவேல் யோசனை சொன்னான். சுந்தரராஜும் தலையாட்டினார். மறுநாள் அவளில்லாமல் போன பெண்களோடு தோட்டத்துப் பலாமரம் ஒன்றின் நிழலும் இறங்கி வந்தது. அடுத்த நாள் இன்னொன்று. சுந்தரராஜ் அவசரமாக ஆயம்மாளை வேலைக்குக் கூப்பிட்டார். அவள் போனாள். வந்த நிழல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொட்டலிலேயே படுத்திருந்தன.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திற்கு ஆயம்மாள் மனுவோடு போனாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டு, தோட்டம் அடுத்த மாநிலத்தில் இருப்பதால் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்றார். மறுவாரம் மலைக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவரும் பொறுமையாகக் கேட்டு, பெண்கள் எல்லோரும் தமிழ்நாட்டு விலாசக்காரர்கள் என்பதால் அங்கேதான் கேட்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். மறுபடி இந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கு அவள் வந்தபோது, பெஞ்சில் அவளுக்கு முன்னால் கையில் மனுவோடு உட்கார்ந்திருந்தவர் சுந்தரராஜ். தன் நிழலைத் திருப்பி அனுப்ப உத்தரவிட வேண்டும் என்று கேட்க வந்திருந்தார். அதிகாரி அவரிடமும் பொறுமையாகத்தான் பேசினார். மரம் அங்கே, நிழல் இங்கே, எனவே மரம் இருக்கிற மாநிலத்தில் கேட்டுப் பாருங்கள் என்றார். சுந்தரராஜ் வெளியே வந்து ஆயம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேட்டுட்டேன் ஆத்தா. மலைக்கு அந்தப் பக்கமும் ஏற்கெனவே போயிட்டு வந்துட்டேன். நெழலு இப்ப தமிழ்நாட்டுல இருக்குல்ல, அங்க கேளுங்கறான்."

"எனக்கும் அதேதான் சொன்னாக மொதலாளி" என்றாள் ஆயம்மாள். "ஒங்களுக்குச் சேர் போட்டுச் சொல்லிருப்பாக. என்னய நிக்க வச்சுச் சொன்னாக."

சுந்தரராஜுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அங்கேயே, அந்தப் பெஞ்சிலேயே, தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். பெண்ணொருத்தியிடம் அவர் துண்டு நீட்டியது அதுதான் முதல் முறை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய மரியாதை. ஆயம்மாள் துண்டைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. அவர் விடவில்லை. அடுத்த சில நாட்களில் ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகப் பிடித்துத் துண்டு போட்டார். ஒருத்திக்கு இலேசான வேலை, ஒருத்தியின் தம்பிக்குக் கடையில் இடம், ஒருத்திக்குத் தீபாவளிச் சேலை இரண்டு. வாயில் மழை, விரலில் பேரம். பெண்கள் எல்லோரும் கையை நீட்டி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் நிழலில் வந்து உட்கார்ந்து யாருக்கு என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் உரக்கச் சொல்லிச் சிரித்தார்கள். "எனக்கு ஒத்தச் சேலதான்டி சொன்னாரு, ஒனக்கு ரெண்டா?" என்று ஒருத்தி சண்டைக்குப் போனாள். போடியின் வணிக வரலாற்றில் துண்டுக்குள் நடந்த பேச்சு அன்றைக்கே வெளியே வந்தது அதுவரை நடக்காத காரியம். வியாபாரிகள் சிலருக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை.

மே ஒன்றாம் தேதி சிலமலையில் கிராம சபை. வழக்கமாக அதற்கு நூறு நாள் வேலைக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் கணக்குக் காட்டுவார்கள். அந்த வருசம் பந்தல் கொள்ளவில்லை. மலைவேலைப் பெண்கள் தேவாரத்திலிருந்துகூட வந்து பின்னால் நின்றார்கள். போடிப் பொட்டலில் கிடந்த நிழல்கள் காலையிலேயே எழுந்து ரோட்டோரமாக வந்து பந்தலுக்கு மேல் படுத்துக்கொண்டதால், வெயில் ஏறியும் யாரும் கலையவில்லை. முந்தின நாள் சுந்தரராஜின் வீட்டில் ஒரு பேச்சு நடந்திருந்தது. அவர் மனைவி கிரேஸ், காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க, நம்ம தோட்டத்துக்கு நான் எத்தன தடவ வந்திருப்பேன்?"

"ஏன், வருசா வருசம் வர்றதானே?"

"ஒரு நாளாவது அங்க நான் ஒரு வாய் டீ குடிச்சுப் பாத்திருக்கீங்களா? கல்யாணம் ஆன நாள்லேருந்து குடிச்சதில்ல. ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல நீங்க."

சுந்தரராஜ் காப்பியைப் பார்த்தார். அன்று அவர் காப்பி குடிக்கவில்லை என்று வீட்டு வேலைக்காரம்மா சொன்னதாக ஊரில் பேச்சு. மறுநாள் காலை யாரும் கூப்பிடாமல் அவரே சிலமலைக்கு வந்தார். வந்தவர், வழியிலேயே மனம் மாறிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மனம் மாறியிருந்தாலும் பேரம் பேசாமல் ஒரு பொருளைக் கொடுத்துவிட அவரால் முடியாது, அது ரத்தத்தில் உள்ளது. பந்தலின் நடுவில் வந்து நின்று, ஆயம்மாளைப் பார்த்துத் துண்டை நீட்டினார்.

"துண்ட தோள்ல போடுங்க மொதலாளி" என்றாள் ஆயம்மாள். "இது ஒங்களுக்கும் எனக்கும் உள்ள யாவாரம் இல்ல. ஊரு கேக்கப் பேசுங்க. நான் கையக் கட்டிக்கிறேன், நீங்களும் கட்டிக்கங்க."

அவர் ஒரு கணம் துண்டோடு நின்றார். சபையில் வெறுங்கையோடு நின்று விலை பேசுவது அவருக்குச் சட்டையில்லாமல் நிற்பது போலிருந்தது. பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். சுவர் வைத்துத் தருகிறேன், கதவுக்குப் பதில் கனமான படுதா என்றார். ஆயம்மாள் கதவு என்றாள். சரி, கதவு தருகிறேன், தாழ்ப்பாள் வெளியே என்றார். உள்ளே என்றாள். உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர் ஓடையிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். குழாய் என்றாள். அவர் ஒவ்வொரு படியாக ஏற, இவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பேரம் என்றால் உயிரை விடுகிற கூட்டத்துக்கு இது பொறுக்கவில்லை. ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்குவதுதானே முறை?

"ஏத்தா ஆயம்மா, மனுசன் எவ்வளவு தூரம் வந்துட்டாரு. மரியாதைக்கு ஒண்ணையாவது கொறையேன்" என்றார் முன்வரிசையில் இருந்த சின்ராசு. அவர் மாட்டுத் தரகர். இந்த இழுபறியில் அவருக்கு வேர்த்துவிட்டது.

"கொறைக்கிறேண்ணே" என்றாள் ஆயம்மாள். "எதக் கொறைக்கட்டும், நீங்களே சொல்லுங்க. நாலு சொவத்துல எந்தச் சொவரு வேணாம்?"

சின்ராசு வாயைத் திறந்தார். நான்கு சுவர்களையும் மனதிற்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சபை முழுக்க அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, அதே இடத்தில் வந்து நின்றது. ஆயம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுஜிதாவின் வெளுத்த முகத்தைப் பார்க்காமல் இருக்க ஆண்கள் பந்தல் துணியைப் பார்த்தார்கள். அப்போது மேலே நிழலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, சுந்தரராஜின் கையில்.

"சரி" என்றார் அவர். அது மிகச் சிறிய சொல். ஆனால் பின்வரிசை வரை கேட்டது. பிறகு, வியாபாரி வெறுங்கையோடு திரும்ப முடியாது என்பதால், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எனக்குன்னு ஏதாவது விட்டுக் குடு ஆத்தா."

ஆயம்மாள் யோசித்தாள். "பெயிண்டு ஒங்க இஷ்டம் மொதலாளி" என்றாள். சபை கைதட்டியது. சுந்தரராஜின் முகம் மலர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பேரத்தில் ஒன்றாவது ஜெயித்துவிட்டார்.

அன்று நிறைவேறிய தீர்மானம் எளிமையானது. பெண்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை கட்டாத எந்தத் தோட்டத்துக்கும் இந்த ஊராட்சியிலிருந்து யாரும் மலையேற மாட்டார்கள். இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் அதன் பிரதி போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சிலமலைத் தீர்மானம் செல்லுமா என்று இரண்டு அலுவலகங்களிலும் ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சி முடியவில்லை. அதற்குள் மற்ற தோட்டக்காரர்கள் தங்கள் மரங்களைப் பார்த்தார்கள், மரத்தடியைப் பார்த்தார்கள், கொத்தனாரைத் தேடினார்கள். அந்த வைகாசியில் போடியில் ஒரு கொத்தனார்கூடச் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் பந்தல்கால் நடக்கூட ஆள் கிடைக்கவில்லை. சந்தனவேம்பிலிருந்த கேமராவைச் சுருளிவேலே ஏறி அவிழ்த்து, ஸ்டோர் வாசலில் கட்டினான். அங்கே அவனுடைய பைக்தான் தெரிகிறது.

சுந்தரராஜ் தன் கழிப்பறைக்கு அடித்த வண்ணம் ரோஸ். கோயில் திருவிழா பஞ்சுமிட்டாய் ரோஸ். மெட்டில் நின்று பார்த்தால்கூடப் பச்சைக் காட்டுக்கு நடுவில் பளிச்சென்று தெரியும். பெண்கள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். திறந்த அன்று கிரேஸும் மலைக்கு வந்தார். சுஜிதா எல்லோர் முன்னிலையிலும் ஒரு பாட்டில் தண்ணீரைத் தலையைச் சாய்த்து, மூச்சு விடாமல் குடித்து முடித்தாள். கிரேஸ் ஒரு டம்ளர் டீ குடித்தார், போதாமல் இன்னொன்று கேட்டார். பிறகு இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். ஆயம்மாள் கொஞ்சம் தள்ளி ஏலச்செடிக்கு நடுவில் நின்று, உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தைக் கேட்டாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஆவணியில் எடுத்த ஸ்கேனில் வீக்கம் இல்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு, "எங்க போறதுன்னு கேட்டியே, எடம் கிடைச்சிருச்சா?" என்றார்.

நிழல்கள் திரும்பிப் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சர்பத் கடைக்காரர் கவலையில் கடையைப் பாதி மூடிவிட்டார். ஆனால் நிழல்கள் தங்களுக்குள் ஏதோ ஏற்பாடு செய்துகொண்டன. பலாமரத்து நிழலும் மற்றதும் மலைக்குத் திரும்பி அங்கேயே தங்கிவிட்டன. சந்தனவேம்பின் நிழல் மட்டும் காலையில் பெண்களோடு ஜீப்பேறி வேலைக்குப் போய், பகல் முழுக்கத் தன் மரத்தடியில் கிடந்து, சாயங்காலம் அவர்களோடு இறங்கிப் பொட்டலுக்கு வந்துவிடுகிறது. ஏலச்செடிகள் தெளிந்துவிட்டன. மரத்தடியில் இரவில் நிழல் இல்லாததை எந்தச் செடியும் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால் அன்று முழுக்கப் போடியில் இருக்கிறது. பெண்கள் இப்போதும் அதனடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஜீப்பில் ஆட்களை அடைப்பதைப் பற்றிய பேச்சு இந்த மாதம் நடக்கிறது. அந்தப் பேச்சு ஆரம்பித்தால் கார்த்தி சர்பத் குடிக்கக் கிளம்பிவிடுவான். ஆனால் காது இங்கேதான் இருக்கும்.

போன வாரம் ஒரு சாயங்காலம் எல்லோரும் ஏறிய பிறகும் நிழல் வரவில்லை. மெட்டில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. கார்த்தி ஹாரன் அடித்தான், மறுபடி அடித்தான்.

"எங்க போச்சு இந்தச் சனியன்? நேரமாகுது அத்தே" என்றான்.

"சும்மா இருடா" என்றாள் ஆயம்மாள். "அதுக்கும் அவசரம் இருக்காதா?"

ஜீப்பே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் ரோஸ் கட்டடத்தின் பின்பக்கமிருந்து நிழல் அவசரமில்லாமல் வந்தது. சுஜிதா ஒதுங்கி இடம் விட்டாள். அது ஏறியது. கார்த்தி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.